ராராரோவுக்கு வந்த வலை

ஊருக்கு ரோடு வராத காலம், கோயிலுக்கு மணிகூட வராத காலம். அந்தக் காலத்தில் புன்னைத்துறையில் கித்தேரி என்று ஒருத்தி இருந்தாளாம். தலைப்பிள்ளைக்காரி. பிள்ளைக்கு இன்னும் பெயர் இல்லை. ஞானஸ்நானம் கொடுக்க ஞானத்தகப்பன் வேண்டுமே, அதில்தான் வந்தது வம்பு.

"தாய்மாமன் நான் இருக்க வேற எவன்?" என்றானாம் அவள் அண்ணன் சந்தியாகு.

"எங்க வீட்டுப் பிள்ளைக்கு நான்தான்" என்றானாம் புருஷனின் அண்ணன் கயித்தான்.

கரைவலையை இழுக்க வடகயிற்றுக்கு ஒரு கூட்டம், தென்கயிற்றுக்கு ஒரு கூட்டம். வடக்கே தலைவன் சந்தியாகு, தெற்கே கயித்தான். இரண்டும் சமமாக வந்தால்தான் மீன் வலையின் நடுப்பையான மடியில் தங்கும். இவர்களோ, இவன் "ஏலேலோ" என்று கத்த, அதற்கு மேல் அவன் கத்த, எங்க பக்கம் முந்தணும், எங்க பக்கம் முந்தணும் என்று இழுத்தார்களாம். வலை கோணிக்கொண்டு வந்ததாம். மீனெல்லாம் பிந்தின பக்கமாக ஒழுகிப் போயிற்றாம். மடியில் கிடந்தது இரண்டு நண்டு. அதுவும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு.

உழைக்கவில்லை என்று ஒருத்தனைச் சொல்ல முடியாது. எல்லார் உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. உலையில்தான் அரிசி இல்லை. பசித்த வயிற்றில் பால் ஏது? பெயர் வைக்கும் முன்னே பிள்ளை போய்விடுமோ என்று கித்தேரி பயந்தாளாம்.

புருஷன் இன்னாசியிடம் சொன்னாள். "ரெண்டு பேரும் மூத்தவங்க. நான் என்ன சொல்ல?" என்று அவன் கடலைப் பார்த்தானாம்.

மறுநாள் இரண்டு கயிற்றுக்கும் நடுவில் துடுப்புகளைக் கூட்டி நட்டு, சேலைத்தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டாள்.

"அண்ணே, அத்தான், ரெண்டு பேரும் கேளுங்க. வலை கரை சேருமட்டும் எந்தக் கயிறு பிள்ளையை எழுப்புதோ, அந்தக் கயித்துக்காரர் ஞானத்தகப்பன் இல்ல."

ஏலேலோ தொண்டைக்குள்ளே போயிற்று. பாட்டில்லாமல் கயிறு இழுக்க முடியுமா? கைக்குக் கை சேராதே. கரையில் கேட்டது ஒரே பாட்டு, கித்தேரியின் தாலாட்டு. வேறு வழியில்லாமல் வடகயிறும் அதற்கே இழுத்தது, தென்கயிறும் அதற்கே இழுத்தது. ஆராரோவுக்கு ஓர் இழுப்பு, ஆரிரரோவுக்கு ஓர் இழுப்பு. கயித்தானுக்குத் தும்மல் வந்ததாம். மீசையோடு சேர்த்து மூக்கைப் பொத்திக்கொண்டானாம். அவன் பக்கம் ஓர் இழுப்பு பிந்தியது. உடனே சந்தியாகு தன் கூட்டத்தைக் கையமர்த்தினானாம்.

"ஏன் நிக்கிய? முந்துங்க" என்று பின்னால் நின்றவன் கிசுகிசுத்தான்.

"சும்மா கிடவே. பிள்ளை இப்பதான் கண்ணசந்திருக்கு."

வலை நேராக வந்தது. மடி நிறையச் சாளை மீன், துள்ளத் துள்ள. வலை கரை ஏறும் முன்னே அதைக் கண்டதும் இரண்டு கூட்டமும் ஒரே கத்தாகக் கத்திற்றாம். பிள்ளை வீலென்றது.

சந்தியாகு கயித்தானைப் பார்த்தான். கயித்தான் சந்தியாகுவைப் பார்த்தான்.

"ரெண்டு பேரும் தோத்தாச்சு" என்றாளாம் கித்தேரி. "இப்பவாவது சேர்ந்துல்லா தோத்திருக்கிய. ஞானஸ்நானத்துக்கும் பிள்ளையைச் சேர்ந்தே தூக்குங்க."

பிள்ளைக்குச் சந்தியாகு கயித்தான் என்றே பெயர் விழுந்தது.

அதனால்தான் இன்றைக்கும் புன்னைத்துறையில் மீசைக்காரர்கள் வரிசையாக நின்று ராராரோ பாடி வலை இழுக்கிறார்கள். "என்னவே, மீனைத் தூங்க வைக்கியளா?" என்று வெளியூர்க்காரன் கேட்டால் சொல்வார்கள்: "மீனை இல்லவே, மாமன் மச்சான் சண்டையை."