நாலு சேவைக்கும் ஒரே வாசல்

எனக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்காது, மேடம். எதிரே ஒரு தட்டு இல்லையென்றால் எனக்குச் சோறு இறங்காது. சிலருக்கு அப்படித்தான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வரும் அறிவுமதி மேடம், உங்களுக்கு மென்பொருள் தெரியும் என்று வார்டன் சொன்னார். அப்படியானால் எனக்குப் பாதிப் பேச்சு மிச்சம்.

மாரிசெல்வியும் நானும் சங்கரன்கோவில் பக்கம். ஒரே பாலிடெக்னிக், ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினோம், ஒரகடத்தில் போன் கம்பெனியில் ஒரே லைனில் பாகம் பூட்டினோம், மண்ணூரில் கம்பெனியின் இந்த விடுதியில் ஒரே அறை. இரண்டு வருடத்தில் நான் புரோகிராமிங் படித்து விடுதி அலுவலகத்துக்கு மாறினேன். அவள் லைனிலேயே இருந்தாள்.

விடுதியில் ஆயிரத்து நூறு பெண்கள். விடுப்பு, கேட் பாஸ், பஸ் இருக்கை, அறை என்று நான்கு சின்னச் சேவைகள். நாலு பேர் நாலு காலத்தில் எழுதியவை. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பாஸ்வேர்டு கேட்டு உயிரை வாங்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஏபிஐ கேட்வே போடு என்றார்கள். எந்த விண்ணப்பமும் முதலில் என் வாசலுக்கு வரும். யாரென்று பார்த்து உரிய சேவைக்கு உள்ளே அனுப்பும், அங்கிருந்து வரும் பதிலை வெளியே கொடுக்கும். ஒன்பது நாளில் கட்டினேன். இன்றுவரை ஒருமுறைகூட விழுந்ததில்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

அதன்பிறகு யாரும் காகிதம் வாங்குவதில்லை. வார்டன் கங்கம்மாளிடம் யாராவது போய் நின்றால், "ஆப்ல இன்னா வந்துச்சோ அதான்மா. எங்கைல இன்னா கீது?" என்பார். விடுப்புப் பிரிவுக்குப் போன் செய்தால் ஆப்பில் போடச் சொல்லி ஒரு பதிவுக்குரல் பேசும். பாஸ் இல்லாமல் கம்பெனி பஸ்ஸைத் தவிர எதற்கும் கேட் திறக்காது.

அடுத்த மாதமே மாரிசெல்வி அறையைக் காலி செய்ய விண்ணப்பித்தாள். லைனில் கூட வேலை பார்க்கும் மூன்று பேரோடு சேரப்பணஞ்சேரியில் வீடு எடுக்கப் போகிறாளாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை; என் வாசலுக்கு வந்த விண்ணப்பத்தில்தான் பார்த்தேன். நான் அவளைக் குறை சொல்லவில்லை. சொல்லச் சங்கடமாக இருந்திருக்கும்.

கேட்வேயில் ஒரே ஒரு விதி சேர்த்தேன். அவளுடைய அந்த விண்ணப்பத்தை உள்ளே அனுப்பாமல் வாசலிலேயே பதில் சொல்லிவிடும்: 'ஒப்பந்தக் காலம் முடியவில்லை. அனுமதி இல்லை.' அன்று மாலை மெஸ்ஸில் என் எதிரே வந்து தட்டை வைத்தாள். "விட மாட்டேங்காங்கட்டி," என்றாள். என் முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டாள். இருவருமே நன்றாகச் சாப்பிட்டோம்.

ஆடி மாதம் அவளுடைய அம்மாவைப் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகம். இரண்டு நாள் விடுப்பு கேட்டாள். நான் யோசித்தேன், மேடம். யோசிக்காமல் எதையும் செய்யும் ஆள் இல்லை நான். போனால் சொந்தக்காரர்கள் பிடித்து வைத்துக்கொள்வார்கள், மாமா மகனுக்குக் கட்டி வைப்பார்கள், திரும்பி வரமாட்டாள். அவளுடைய எதிர்காலத்தையும் யாராவது பார்க்கத்தானே வேண்டும்? விதியைக் கொஞ்சம் விரித்தேன், விடுப்புக்கும் கேட் பாஸுக்கும் சேர்த்து.

விடுப்புப் பிரிவு எப்போதும் 'வருந்துகிறோம்' என்று தொடங்கும். கேட் பாஸ் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசும். அந்தந்த நடையிலேயே பதில்களை எழுதினேன். உடனே பதில் வந்தால் யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று மனம் நோவாள். அதனால் ஒரு மணி நேரம் கழித்துப் போகும்படி வைத்தேன். அவளை எந்தச் சேவையும் மறுக்கவில்லை, அவள் கேட்டதே அவற்றுக்குத் தெரியாது. அவளோ எல்லாருமாகச் சேர்ந்து தன்னை அடைத்துவிட்டார்கள் என்று அழுதாள். என் மடியில்தான் அழுதாள்.

ஒருநாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி அப்படியே ஊருக்குப் போய்விடுகிறேன் என்றாள். "சர்டிபிகேட் பூரா அவங்க கையில இருக்கு. ஓடிட்டா அப்புறம் எந்தக் கம்பெனியிலயும் சேக்க மாட்டாங்க. பொறுட்டி, அடுத்த தடவ கெடைக்கும்," என்று பிடித்து உட்கார வைத்தேன். நல்ல தோழி யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

அம்மாவைப் பார்க்க மொத்தம் ஐந்து விண்ணப்பங்கள். ஐந்தாவதில், காரணம் எழுதும் கட்டத்தில், 'எங்கம்மை என்னைக் கேட்டுக்கிட்டே இருக்கா. ஒரு நாள் போதும், பார்த்துட்டு ஓடி வந்துருவேன்' என்று எழுதியிருந்தாள். அதற்கும் 'வருந்துகிறோம்' போனது.

வியாழக்கிழமை அம்மா இறந்துபோனார். துக்க விடுப்புக்கான விண்ணப்பத்தை நான் ஒரு நிமிடம்கூட நிறுத்தவில்லை. மூன்று நாள் உடனே கிடைத்தது. தயவுசெய்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊரில் அவள் அண்ணன் காசிராஜன் சண்டை போட்டிருக்கிறான். உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டானாம். அப்படி எந்த விண்ணப்பமும் வரவில்லை என்று நீங்கள் உண்மையைத்தான் சொன்னீர்கள். சாகக் கிடந்த தாயைப் பார்க்க வர மனமில்லாமல் பொய் சொல்கிறாள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். அவன் சொன்னதை ஊரே நம்பியது.

திரும்பி வந்தவள், மறுப்புப் பதில்களை எல்லாம் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினாள். அதனால்தானே வந்திருக்கிறீர்கள். அனுப்பிவிட்டு என்னிடம், "நீதானட்டி இதக் கட்டுன. எம் பேப்பரு எங்க நின்னுச்சுன்னு பாத்துச் சொல்லு," என்றாள். பார்க்கிறேன் என்றேன்.

என் வாசலில்தான் நின்றது. ஐந்தையும் நிறுத்தியது நான். ஐந்தையும் நான் படித்தேன். பிழையோ கோளாறோ எதுவும் இல்லை, நீங்கள் தேட வேண்டாம். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதை மாரிசெல்வியிடம் சொல்லிவிடாதீர்கள். என் மானத்துக்காகக் கேட்கவில்லை. அம்மா போய்விட்டாள், அண்ணன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பாவம், என்னையும் விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?