கடலுக்கு எட்டாத அலைவரிசை

விடியற்காலை நாலரை மணி. கடலோரச் சாலை. விளக்கு இல்லை... ஒரு நாய்கூட இல்லை. என் நண்பனின் அக்கா ஸ்கூட்டரில் ரேடியோ நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆக்ஸிலேட்டரைக் கடைசிவரை முறுக்கினாள். பயத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

சிரிக்காமல் கேளுங்கள். அவள் வாயாலேயே நான் கேட்டது இது.

அவள் அறிவிப்பாளர். நிலையம் ஏஎம்மில் இருந்தவரை காலையும் மாலையும் காற்று, அலை நிலவரம் வாசிப்பாள். ஏஎம் நடுக்கடல்வரை போகும். போன் எடுக்காத ஆழத்திலும் படகுக்காரர்களுக்கு அவள் குரல் கேட்கும். பிறகு புது மேனேஜர் வந்தார். ஏஎம்மை இழுத்து மூடிவிட்டு எஃப்எம்முக்கு மாற்றினார். இனிமேல் பாட்டு, அரட்டை, பரிசு. அவ்வளவுதான்.

"எஃப்எம் அவ்வளவு தூரம் கடலுக்குள்ள எட்டாது சார். அவங்களுக்கு யார் சொல்லுவா?"

"படகுல இருக்கறவனா நமக்கு விளம்பரம் தரப்போறான்? போய் வேலையைப் பாரும்மா."

அடுத்து வந்த புயல் திடீரென்று திசை மாறியது. கரையில் எல்லோருக்கும் தெரிந்தது. கடலில் இருந்தவர்களின் ரேடியோவில் வெறும் இரைச்சல்... போன படகுகளில் பாதி திரும்பவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்து நிலையத்தின் கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள். மேனேஜர் கேட்டைப் பூட்டச் சொன்னார். அவளிடம் வந்து, "நீ சிரிச்சுப் பேசு. நிகழ்ச்சி டல்லாகக் கூடாது" என்றார். பிழைப்பாயிற்றே... சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதே வாரம்தான் நான் சொல்லும் விடியற்காலை. மைக் முன்னால் உட்கார்ந்து, முதலில் போன் செய்பவருக்குப் பரிசு என்று அறிவித்தாள். அத்தனை லைன் விளக்குகளும் ஒரே நொடியில் மின்னின.

முதல் லைன். பேச்சில்லை. மரத்தில் தண்ணீர் மோதும் சத்தம்... தளக்... தளக்... அடுத்தது. ஒரு இன்ஜின் இருமி இருமி நின்றுபோனது. ஏசி அறைக்குள் டீசல் வாடை. ஊறிப்போன கயிற்றின் வாடை. மூன்றாவதில் ஓர் ஆண் குரல். கெஞ்சல் இல்லை, அதட்டல்.

"காத்து எந்தப் பக்கம்னு சொல்லித் தொலைம்மா!"

அவள் எழுந்து ஓடவில்லை. பாட்டை நிறுத்தினாள். அன்றைய வானிலை அறிக்கையைத் தேடியெடுத்து, பழையபடி வாசித்தாள். ஒவ்வொரு லைனாக அணைந்தது. ஒன்று மட்டும் அணையவில்லை.

கதவு படாரென்று திறந்தது. மேனேஜர். காரில் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

"யாரைக் கேட்டு இதைப் படிச்சே?"

"நீங்களே கேளுங்க சார்" என்று ரிசீவரை நீட்டினாள்.

பிடுங்கிக் காதில் வைத்தார். "யாருய்யா அது?" கேட்கக் கேட்க முகத்தில் ரத்தமே இல்லை. "நான்... நான் இல்லீங்க... மேலிடத்துல சொல்லித்தான்..."

ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடினார். கார் கடல் இருந்த திசைக்கே முதுகைக் காட்டிப் பறந்தது.

மத்தியானம் கண்டுபிடித்தார்கள். கடலை விட்டு வெகுதூரம், வறண்ட பொட்டல். கண்ணாடி ஏற்றி, உள்ளே பூட்டிய கார். சட்டையில் ஈரமில்லை. தலைமுடியில் ஈரமில்லை. நுரையீரல் முழுக்க உப்புத்தண்ணீர் என்றார் அறுத்துப் பார்த்த டாக்டர்.

அதைக்கூட விடுங்கள்... விரல் நகங்கள் பெயர்ந்திருந்தன. மிச்சமிருந்த நகங்களுக்குள் நீலப் பெயின்ட். படகின் அடிப்பலகைக்கு அடிப்பார்களே, அது.

அவர் கார் வெள்ளை.