மொய்யாக வந்த வட்டி

காலை ஆறு நாற்பது. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் முதலில் கண்ணில் பட்டது, ஒரு பெரியவர் கையிலிருந்த பட்டன் போனும் அதிலிருந்து கழற்றிய பேட்டரியும். பக்கத்தில் அவருடைய அண்ணன் மகள்.

“எனக்குக் கடன் கொடுத்தவங்களுக்கா வெத்தல பாக்கு வச்சே?”

“ஆமா சித்தப்பா. வீடு வீடாப் போய் விருந்துக்குக் கூப்பிட்டேன். வெத்தல பாக்கை வாங்கிட்டு வராம இருக்க முடியுமா? வையம்பட்டியில நீங்க விட்டுட்டு வந்த வீட்டுக்கே அத்தனை பேரும் நேத்து வந்துட்டாங்க.”

“அடிக்கவா?”

“சாப்பிட. பக்கத்து இலையில யாருன்னு பார்த்த பிறகுதான், நீங்க எல்லார்கிட்டயும் வாங்கினதே அவங்களுக்குத் தெரிஞ்சுது. நெருக்கினா ஒருத்தருக்கும் தேறாதுன்னு புரிஞ்சுபோச்சு. பாயசம் முடிஞ்சதும் சொன்னேன், அசலை நானும் தம்பியும் மாசாமாசம் கொடுத்துடறோம், வட்டியை மொய்யா எழுதிட்டுப் போங்கன்னு.”

“எழுதினாங்களா?”

“பேரு, ஊரு போட்டு எழுதினாங்க. இனிமே போனை எடுங்க சித்தப்பா, யாரும் திட்ட மாட்டாங்க.”

பெரியவர் அவள் பக்கம் திரும்பினார். “அம்மாடி! உங்கப்பா கடைக்குப் போனா மீதிச் சில்லறை கேக்கவே கூச்சப்படுவாரே.”

காவிரிப் பாலத்தில் பேட்டரியைப் போட்டு மூடி, போனை ஆன் செய்தார். சற்று நேரத்தில் போன் அடித்தது. எடுத்து, “சொல்லுங்க” என்றார்.