அளவுக்காக நிறுத்தப்பட்டவள்

என் பெயர், தந்தை பெயர், வீட்டு முகவரி ஆகியவை முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன, அவை சரியே. வயது இருபது. பல்கலைக்கழகத்தில் நிலவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். உயரம் நான்கு அடி பத்து அங்குலம். உயரத்தையெல்லாம் எழுத வேண்டுமா என்று வாக்குமூலம் எழுதும் அதிகாரி கேட்டார். எழுதத்தான் வேண்டும், விஷயமே அதுதான் என்றேன்.

எங்கள் படிப்பில் பாறையைப் படம் எடுத்தால் பக்கத்தில் அளவு தெரிந்த ஏதாவது ஒன்றை வைக்க வேண்டும். இல்லையென்றால் படத்தில் இருப்பது மலையா, முழங்கால் உயரக் கல்லா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. சின்னக் கல்லுக்குப் பேனா, கொஞ்சம் பெரியதற்குச் சுத்தியல், பாறைச் சுவருக்கு ஆள். முதலாம் ஆண்டிலிருந்து அந்த ஆள் நான்தான். “இந்தப் பொண்ணு சேர்ந்ததுல துறைக்கு ஒரு ஸ்கேல் மிச்சம்” என்று துறைத்தலைவர் வகுப்பிலேயே சொன்னார். அதன் பிறகு என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குட்டக் குட்டக் குனிகிறவனும் மடையன் என்பார்கள். எனக்குப் பாறை பிடித்திருந்தது, குனிந்தேன்.

சென்ற மாதம் களப்பயிற்சிக்காக எங்கள் வகுப்பு, வேலை நின்றுபோன ஒரு கல்குவாரிக்குப் பேருந்தில் போனது. முந்தைய நாள் நல்ல மழை. குவாரிச் சுவரின் அடியில் கிடந்த கற்களை எடுத்துப் பார்த்தேன். வெகுநாளாகக் கிடக்கும் கல்லில் கறையும் தூசியும் படிந்திருக்கும். இவற்றில் உடைந்த பக்கம் பளிச்சென்று இருந்தது. துறைத்தலைவரிடம், “சார், கல்லு புதுசா விழுந்திருக்கு, தள்ளி நிக்கிறேனே” என்றேன். “படிச்சதெல்லாம் பரீட்சையில எழுதும்மா, இப்ப போய் ஒட்டி நில்லு” என்றார்.

அதன் பிறகு சுவரை ஒட்டி நின்றேன். தலையில் ஹெல்மெட் இருந்தது. அவர் ஒரு மாணவன் பிடித்திருந்த கேமராவில் பார்த்துவிட்டு, “ஹெல்மெட்டக் கழட்டு, அளவு கூடிப்போகுது” என்றார். ஹெல்மெட்டோடு அளந்துவிட்டுக் கழித்துக்கொள்ளலாமே என்று சொன்னேன். “ஸ்கேலே கணக்கு சொல்லுதுடா” என்று ஒருவன் சொன்னான், வகுப்பே சிரித்தது. அதன் பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக் காலடியில் வைத்தேன். அது படத்தில் விழுகிறது, அதையும் எடு என்றார். என் அறைத்தோழி வந்து வாங்கிக்கொண்டு போனாள். எல்லோரும் சிரித்ததால் நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் சிரிப்பார்கள்.

மேலிருந்து கல் வந்ததை நான் பார்க்கவில்லை. கீழே கிடந்தபோது துறைத்தலைவரின் குரல் கேட்டது. “படம் எடுத்தாச்சா?” என்று கேட்டார். “சூப்பரா வந்திருக்கு சார்” என்று கேமரா வைத்திருந்தவன் சொன்னான். அதன் பிறகுதான் ஓடி வந்தார்கள்.

வலது தோள் எலும்பு உடைந்துவிட்டது. வலது கண் பார்வை இனித் திரும்பாது என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகு துறைத்தலைவர் பழங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, “மைக்ராஸ்கோப்புக்கு ஒரு கண்ணு போதும்மா” என்று என்னைத் தேற்றினார். வியர்வைக்காக நானே ஹெல்மெட்டைக் கழற்றியதாகச் சொன்னால் பட்டம் வீடு தேடி வரும், மாற்றிச் சொன்னால் செய்முறை மதிப்பெண் தன் கையில் இருக்கிறது என்று என் அப்பாவிடம் சொன்னார். படத்தையும் காட்டினார். “பாருங்க, சிரிச்சிட்டுதான் நிக்கிறா” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் என் பல்லை வைத்து என் மண்டையை மறைத்தார். அறைத்தோழி உட்பட வகுப்பில் அத்தனை பேரும், நான் தலை வாரிக்கொள்ளக் கழற்றினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாக அறிகிறேன். வியர்வையா, தலை வாரலா என்பதை அவர்களே கூடிப் பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.

அப்பா துறைத்தலைவரைக் கையெடுத்துக் கும்பிட்டு வழியனுப்பினார். அதன் பிறகு என்னிடம், “கண்ணும் போச்சு, பட்டமும் போச்சுன்னா உன்ன எவன் கட்டுவான்? சார் சொன்னபடியே சொல்லிடு” என்றார். என் வலது பக்கமாக நின்று, நான் பார்க்க முடியாத இடத்திலிருந்து அதைச் சொன்னார். கல் விழுந்ததை விட அது வலித்தது.

இன்று அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு, “கழட்டினது அவதான் சார்” என்று எனக்கு முன்பாகவே தொடங்கினார். அவரை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டு மேற்கண்டவற்றைச் சொன்னேன். அப்பா பேசியது வழக்குக்குத் தேவையில்லை, விட்டுவிடலாமே என்று அதிகாரி கேட்டார். விட வேண்டாம் என்றேன். எழுதியதைக் கதவைத் திறந்து வைத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். எவன் கட்டுவான் என்ற இடம் வந்தபோது வெளியே செருப்புச் சத்தம் எழுந்து, படிக்கட்டில் இறங்கிப் போனது. அதிகாரி நிறுத்தினார். மீதியையும் படியுங்கள் என்றேன்.

முழுவதும் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன். எழுதத் தெரியாதவள் என்று பக்கத்தில் போட வேண்டாம்.

(இடது பெருவிரல் ரேகை)