சுயம்பு ஐயாவின் மூச்சுக்கு இரண்டு லிட்டர்

நான் நின்றுகொண்டே பேசுகிறேன் சார். உட்கார்ந்தால் எனக்குக் கால் குடையும், நர்ஸ் வேலையில் வந்த பழக்கம். சீனியம்மாளை நேற்றிலிருந்து இங்கே ஸ்டேஷனில் வைத்துக் கேள்வி கேட்கிறீர்கள் என்று தெரிந்தது, அதனால்தான் கூப்பிடாமலே வந்தேன். பெற்ற தாய்மேல் யாராவது புகார் கொடுப்பானா? அந்தப் பாலகணேஷுக்கு மூளை பிசகிவிட்டது.

என் பெயர் எல்சி, ஊர் முகத்துவாரக்குப்பம். பாலகணேஷின் அப்பா சுயம்பு ஐயாவை, தண்டையார்பேட்டையில் அவர் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொண்டவள். ஐயா மளிகை மொத்த வியாபாரி. மிளகாய் வற்றல் தூசியிலும் பீடிப் புகையிலும் நுரையீரல் நைந்துபோயிருந்தது. டாக்டர் சொன்னது இரண்டு லிட்டர் ஆக்சிஜன், அதற்குமேல் கூடாது. இந்த மாதிரி நோயாளிக்கு அளவு கூடினால் உடம்பு மூச்சுவிடச் சோம்பிப்போகும். கெட்ட காற்று உள்ளேயே தேங்கி, ஆள் தூங்கித் தூங்கி விழுவார்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் வேலையில் அது தலைகீழ். கத்துகிறவர் கொஞ்சம் காத்திருக்கலாம், கத்துவதற்கு அவரிடம் மூச்சு இருக்கிறதே. கத்திக்கொண்டிருந்தவர் அடங்கிப்போனால்தான் முதலில் ஓட வேண்டும். ஐயா நன்றாகக் கத்துவார்.

"ஏ எல்சி, செத்துட்டியாளா?"

"உன்ன வுட்டுட்டு நா எங்க நைனா சாவறது?"

சிரிப்பார், இருமுவார். நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவினால் சரியாகிவிடும்.

ஐயாவின் மனைவி சீனியம்மாளை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன்; அம்மா எனக்குத் தலை வாரிவிடுவார் சார். எனக்கு அப்படி யாரும் செய்ததில்லை. "நீ எம் வயித்துல பொறந்திருக்கணும்ளா" என்பார். மீன் குழம்பில் தலைத்துண்டு எனக்குத்தான். யாருக்கு வரும் அந்த மனசு?

அப்புறம் ஐயா தேறினார். அடுத்த வாரத்திலிருந்து நர்ஸ் வேண்டாம் என்றார் டாக்டர். வீடே சந்தோஷப்பட்டது, அம்மாவும்தான். நான் மட்டும் அன்று முழுக்க மொட்டைமாடிக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன், ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

மறுநாள் காலை ஐயாவுக்குக் கொஞ்சம் இளைப்பு. அம்மா பதறினார். "காத்தக் கொஞ்சம் கூட்டி வையேன்ளா, புண்ணியமாப் போவும்." தினமும் கேட்பதுதான், தினமும் மாட்டேன் என்பேன்.

அன்று, "நீயே வைம்மா. உன் கையால வெச்சாதான் நைனாக்கு ஒத்துக்கும்" என்றேன்.

அம்மா திருப்பத் திருப்ப, ஆக்சிஜன் குமிழ் ஐந்தைத் தொடும்வரை தலையாட்டினேன். விரலில் மாட்டிய கருவியில் எண் ஏறியது. பிள்ளை வாங்கிய மார்க்கைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்து அம்மா பூரித்துப்போனார்.

மத்தியானம் ஐயா கத்தவில்லை. "நல்லாத் தூங்குதாவ, பாவம்" என்று அம்மா போர்வையை இழுத்துவிட்டார். உலுக்கி எழுப்பியிருக்க வேண்டும், குமிழை இறக்கியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாதா என்ன? நான் அம்மாவோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தேன். அவ்வளவு நிம்மதியாக நாங்கள் இரண்டு பேரும் பேசியதே இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் நான்தான் போய்த் தொட்டுப் பார்த்தேன், ஐயா போய்விட்டார் என்று நான்தான் சொன்னேன். அம்மா என் தோளில் சாய்ந்து அழுதார், மகன் தோளில் இல்லை.

மகன் ஐந்தில் நின்ற குமிழைப் பார்த்துவிட்டான். யார் திருப்பியது என்று கேட்டான். அம்மா வெள்ளந்தி, தன் கைதான் என்று சொல்லிவிட்டார். என் பெயரை எடுக்கவே இல்லையாமே, பார்த்தீர்களா.

எழுதிக்கொள்ளுங்கள் சார். திருப்பியது அம்மாவின் கை. ஆளைக் கொல்லும் என்று தெரிந்தே திருப்பவைத்தவள் நான். ஐயாமேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவர் பிழைத்தால் நான் அந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும், அதனால் செய்தேன்.

சீக்கிரம் கையெழுத்து வாங்கிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் அனுப்பிவிடுங்கள். அம்மா நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார், நான் பிசைந்து ஊட்டினால்தான் இரண்டு வாய் இறங்கும்.