முளைக்கிற கடவாப்பல்லு

எழுபதுகளில் ஒரு காலை, மங்கலத்திலிருந்து திருப்பூர் போகும் பஸ். என் முன் சீட்டில் பனியன் கம்பெனிப் பெண்கள் இருவர். ஒருத்தி நீட்டிய மிட்டாயை வாங்கவிடாமல், மற்றவள் தன் மடியிலிருந்த சின்ன மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க்கா. மூத்தவளுக்கு நேத்துக் கடவாப்பல்லைப் புடுங்கிட்டாங்க."

"பால்பல்லுதானே? மறுக்கா முளைக்கும்."

"நானும் அப்படி நெனச்சுத்தானுங்க உட்டுட்டேன். அது ஆறு வயசுல வர்ற நிலையான பல்லாமுங்க. கம்பெனியில அவளை வேஸ்டுத் துணி மூட்டை மேல உக்காரவெச்சு, மிட்டாயைக் குடுத்துட்டுத்தான் மிசின் ஓட்டுவேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"முளைச்சதுமே பல்லு மேல இருக்கற பள்ளத்தை மருந்து பூசி அடைச்சா சொத்தை அண்டாதாமுங்க. வெளிநாட்டுல பண்றாங்களாம், இங்க இன்னும் வரலையாம்."

மகளின் வாயைத் திறந்து காட்டினாள்.

"இவளுக்கு அந்தப் பல்லு இப்பத்தான் எட்டிப் பாக்குது. மருந்து வர்ற வரைக்கும் இது தாங்குமுங்களா?"