ஆளில்லாத விமானம்

என் தம்பி மைக்கேல்ராஜுக்கு முருங்கைக்கீரை என்றாலே ஆகாது. கண்ணுக்கு நல்லதுடா என்று கெஞ்சிக் கெஞ்சித்தான் ஊட்டி வளர்த்தேன். கண்ணின் அருமை தெரியாதவள் இந்த ஞானமேரி என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா, அதற்காகச் சொல்கிறேன்.

முதலில் பக்கத்து வீட்டு அருளானந்தம் அண்ணனை விட்டுவிடுங்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர், வாய் கொஞ்சம் நீளம், மற்றபடி பாவம். அவர் செய்த தப்பு, சைகோனிலிருந்து வந்தபோது அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து தம்பியிடம் கொடுத்ததுதான்.

பெட்டி நிறைய பிளாஸ்டிக் துண்டுகள். போன சண்டையில் பறந்த போர் விமானமாம். துண்டுகளை ஒடித்தெடுத்துப் பசை வைத்து ஒட்டினால் உள்ளங்கை அகலத்துக்கு விமானம் வந்துவிடும்.

"சின்னப் புள்ளகூட ஒட்டிடும்மா, இதுல என்ன இருக்கு" என்றார்.

பத்தொன்பது வயதுத் தம்பி அதை மடியில் வைத்துக்கொண்டு சோறு தண்ணி மறந்தான். ஒட்டி முடிப்பதற்குள் பேச்சே மாறிவிட்டது. பிரான்சுக்குப் போய் விமானப்படையில் சேரப்போகிறானாம்.

எங்கள் வீட்டு ஆம்பளைகளுக்குக் கல்லறை கிடையாது, ஐயா. அப்பா அந்தப் பிரெஞ்சுப் பட்டாளத்தோடு போய் சைகோனிலேயே மண்ணானார். பிறகு கூடப்பிறந்த அண்ணன் போனான். அவனுக்கு மண்ணாவது கிடைத்ததா, தெரியாது. கல்லறைத் திருநாளன்று கோட்டுச்சேரிச் சனமெல்லாம் தங்கள் ஆட்களின் தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றும். நான் நடுவிலுள்ள பொதுச் சிலுவையடியில் ஏற்றிவிட்டு வருவேன். மூன்றாவதாகவும் ஒன்றை அங்கே ஏற்ற என்னால் முடியாது.

விமானத்தில் உட்காரவைக்க ஒரு பொம்மை ஆள் இருந்தான், நெல்மணி அளவுக்கு. அவனை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். ஆள் இல்லையென்றால் தம்பிக்கு அலுத்துப்போகும் என்று நினைத்தேன். வீடெல்லாம் தேடினான். பிறகு சிரித்தான்.

"போனாப் போறான்க்கா. அந்த எடத்துல நான்தானே உக்காரப் போறேன்."

அழுதேன், காலில்கூட விழுந்தேன். கேட்கவில்லை.

"கண்ணுல துளி மங்கல் இருந்தாலும் சேத்துக்க மாட்டான். நம்ம பையனுக்கு அந்தக் கவலயே இல்ல" என்று பேச்சுவாக்கில் சொன்னவர் அருளானந்தம் அண்ணன். காலை ஒடிக்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் எலும்பு கூடிவிடும். துளி மங்கல் என்றால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை.

பசை நெடியில் கண் எரிகிறது என்று தம்பியே ஒரு மத்தியானம் வந்தான். எப்போதும்போல விளக்கெண்ணெய் விடச் சொல்லி என் மடியில் படுத்தான். எங்கள் வேலியில் கள்ளி இருக்கிறது. எண்ணெயோடு அந்தப் பாலையும் விட்டேன். கொஞ்சம் கூடிப்போய்விட்டது.

பசைக் கையால் கண்ணைக் கசக்கியிருப்பான் என்று எல்லோரும் நம்பினார்கள். அவனும் நம்பினான். "என் தப்புதான்க்கா" என்று அழுதான். நானும் கூட அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

பிறகு ஆஸ்பத்திரி மருந்தில் வலது கண் தெளிய ஆரம்பித்தது. "வெளிச்சம் தெரியுதுக்கா. தெளிஞ்சதும் பிரான்சுக்கு எழுதிப் போடணும்" என்றான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாள் அருளானந்தம் அண்ணன் வாங்கிவந்து கொடுத்த மருந்துப் புட்டியில் மறுபடியும் கள்ளிப்பாலைக் கலந்தேன். டாக்டர் கண்டுபிடித்தது அதைத்தான். அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது தம்பி விமானத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். றெக்கை என்ன நிறம் என்று கேட்பான், சொல்வேன். வீடு அமைதியாக இருக்கிறது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். டாக்டர் புது மருந்து கொடுத்திருக்கிறாராம், இரண்டு கண்ணையும் காப்பாற்றிவிடலாமாம். அதனால் என்னைச் சாயந்திரத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ஐயா. மருந்து விட அவனுக்கு வேறு யாரும் இல்லை. என் கைக்கு மட்டும்தான் அவன் கண்ணைத் திறப்பான்.